ஊர்ச் சங்கமும் ஓட்டுச் சீட்டும்

தஞ்சாவூர்ச் சட்டசபைத் தொகுதிக்கு 2016ஆம் வருஷத்தில் நேர்ந்த அவமானத்தை நம் தேசாபிமானிகள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வருஷம் மே மாதம் 16ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் ஓட்டுப் போட்டது. தஞ்சையும், கரூர் ஜில்லாவைச் சேர்ந்த அரவக்குறிச்சியும் மட்டும் போடவில்லை. ஓட்டர்களுக்குப் பணமும் பொருளும் ஏராளமாக விநியோகிக்கப்பட்டன என்ற காரணத்தினால், தேர்தல் கமிஷன் இவ்விரு தொகுதிகளின் ஓட்டெடுப்பை முதலில் மே 23ஆம் தேதிக்கும், பின்னர் ஜூன் 13ஆம் தேதிக்கும் ஒத்திவைத்தது. அதுவும் போதாதென்று கண்டு, மே 28ஆம் தேதியன்று தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. நவம்பர் 19ஆம் தேதிதான் மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. பணப் பட்டுவாடாவின் காரணமாகச் சட்டசபைத் தேர்தல் ஒன்று அடியோடு ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் தடவை. சோழ மண்டலத்தின் தலைநகருக்கு இப்படி ஒரு முதலிடம் கிடைக்கவேண்டுமா?

இச்சம்பவத்தைப் பற்றி மூன்று விதமான பேச்சு நாட்டில் நடமாடுகிறது. ஓட்டர்கள் பேராசைக்காரர்கள் என்பார் ஒரு சாரார். கட்சிகளே ஓட்டர்களைக் கெடுத்தன என்பார் மற்றொரு சாரார். கமிஷனுக்குப் போதிய அதிகாரம் இல்லை என்பார் பின்னும் சிலர். மூன்றிலும் சிறிது உண்மை உண்டு. மூன்றும் வேரைத் தொடவில்லை. 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகரிலும், 2019 ஏப்ரலில் வேலூரிலும் இதே காரணத்தால் தேர்தல்கள் நின்றன. அதிகாரம் இருந்தது, அது உபயோகிக்கவும் பட்டது, வியாதி மட்டும் தீரவில்லை.

நமது அபிப்பிராயம் வேறு. ஐந்து வருஷத்தில் 1,826 நாட்கள் உண்டு. அவற்றில் தேர்தல் நாள் ஒன்றை ஒட்டித்தான் ஏழையின் வாசலுக்குப் பெரிய மனிதர் வருகிறார். ஏனைய நாட்களில் அவனுடைய வாய்க்கால் தூர்ந்தாலும், நெல் நனைந்தாலும், மனைப் பட்டா மறுக்கப்பட்டாலும் அவன் தனியன். தனியனுடைய ஓட்டுக்கு அந்த ஒரு நாளில் மட்டுமே மதிப்பு உண்டு. ஆகவே அன்றைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறான். மற்ற நாட்களிலும் அவனுக்குப் பலம் இருக்குமாயின் அந்த ஒரு நாளில் அவன் விலைபோகமாட்டான். அந்தப் பலத்துக்குப் பெயர் ஊர்ச் சங்கம். ஓட்டு இல்லாத சங்கம் இதே தஞ்சைத் தரணியில் வென்றிருக்கிறது. சங்கம் இல்லாத ஓட்டு இதே தஞ்சையில் விலைபோயிருக்கிறது. இவ்விரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் பழைய சரித்திரத்தைக் கவனிப்போம். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் திருச்சியிலிருந்து சத்தியாக்கிரகத் தொண்டர்களுடன் வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். அன்றைய தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், யாத்திரிகர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஜில்லா முழுவதும் எச்சரிக்கை விடுத்தார். பலன் என்ன? சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. தொண்டர்கள் ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரணியம் போய்ச் சேர்ந்தனர். சர்தார் வேதரத்தினம் பிள்ளை போன்றவர்கள் அங்கே வேலையை முன்கூட்டியே ஒழுங்குசெய்து வைத்திருந்தார்கள். மரத்தில் மூட்டை தானாகத் தொங்குவதில்லை. இன்ன நாள் இன்ன ஊரில் இத்தனை பேருக்கு உணவு என்று தெரிந்து, சமைத்து, இரவோடு இரவாகக் கட்டிவைத்த கைகள் ஊருக்கு ஊர் இருந்தன. அக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று ஓட்டு இல்லை.

ஓட்டு யாரிடம் இருந்தது? 1935ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின்படி சொத்தும் வரியும் கல்வியும் உள்ளவர்களிடமே பெரும்பாலும் இருந்தது. காவிரிப் பாசனப் பிரதேசத்தில் அது மிராசுதார்களின் கையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. நிலத்தை அவர்கள் வேலிக் கணக்கில் வைத்திருந்தனர். வேலி ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். அந்நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. கடனால் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தான். தவறு என்று ஆண்டை கருதியதற்குச் சவுக்கடியும், சாணிப்பால் புகட்டுவதும் தண்டனையாயிருந்தன. நாகரிகம் பழுத்த நாடென்று பெயர்பெற்ற நம் காவிரிக் கரையில் இது நடந்தது என்பதை எழுதவே மனம் கூசுகிறது.

1943ஆம் வருஷத்தில் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் குத்தகைதாரர்கள் ஒரு விவசாய சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அதற்கு வழிகாட்டியவர் பி. சீனிவாசராவ். அவர் தமிழ்நாட்டவரல்லர், தாய்மொழி கன்னடம். அவர் சார்ந்த கம்யூனிஸ்டுக் கட்சியின் கொள்கைகளை நம்மில் பலர் ஒப்புக்கொள்ளாதிருக்கலாம். ஆனால் அவர் வேலைசெய்த முறையை எந்தக் கட்சியாரும் படிக்கவேண்டும். பெரிய மைதானத்தில் அவர் தொடங்கவில்லை, சேரியில் தொடங்கினார். தென்பரையிலிருந்து அந்த நெருப்பு களப்பாலுக்கும், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் தாலூகாக்களின் சேரிகளுக்கும் பரவியது. களப்பாலில் குப்பு என்ற விவசாயத் தொழிலாளியே தலைவரானார். அவர் 1948ஆம் வருஷம் திருச்சிச் சிறையில் உயிர் நீத்தார்.

அச்சங்கம் முதலில் கேட்டது என்ன? ராஜ்யாதிகாரம் அல்ல. அடிக்காதே என்று கேட்டது. சாணிப்பாலை நிறுத்து என்று கேட்டது. கூலி அளக்கும் மரக்கால் சரியான மரக்காலாக இருக்கட்டும் என்று கேட்டது. கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய விஷயங்கள் இவை. ஒவ்வொரு பண்ணையாளும் தன் முதுகினாலும் தன் வயிற்றினாலும் இவற்றை அறிவான். விளக்கப் பிரசங்கம் வேண்டியிருக்கவில்லை. 1944ஆம் வருஷத்து மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1948ஆம் வருஷத்து மாயவரம் ஒப்பந்தம் அறுவடைக் கூலியையும் பங்கையும் பற்றிப் பேசியது. ஆண்டைக்கு முன் மேல்துண்டோடு நிற்க அஞ்சியவன், ஆண்டைக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினான். இவையெல்லாம் நடந்தபோது அவனிடம் ஓட்டுச் சீட்டு இல்லை என்பதை மறுபடியும் சொல்லுகிறோம்.

மணலூர் மணியம்மையின் பெயரையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். பிராமண குலத்தில் பிறந்து இளமையிலேயே விதவையான அவர், காங்கிரஸ் ஊழியராகப் பொதுவாழ்வில் இறங்கிச் சேரி ஜனங்களிடையே வேலை செய்தார். வேஷ்டி சட்டை அணிந்து, தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, ஊர் ஊராகத் திரிந்தார். பின்னர் விவசாய சங்கத்தில் சேர்ந்து, 1953ஆம் வருஷம் காலமாகும் வரையில் அதிலேயே உழைத்தார். ஜாதியாலும் ஆசாரத்தாலும் சேரிக்கு நெடுந்தூரத்தில் இருந்தவர் அவர். ஆயினும் ஊர்ச் சங்கத்தின் வாசல் அவருக்குத் திறந்திருந்தது. அவர் கட்சி மாறினார், வேலை மாறவில்லை.

1952 ஜனவரியில் வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் நம் ராஜதானியில் நடந்தது. ஓட்டுச் சீட்டு சேரிக்கு வந்தபோது, அதை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. மாயவரம் லோக்சபைத் தொகுதியில், மத்திய மந்திரியாயிருந்த ஸ்ரீ கே. சந்தானம் கம்யூனிஸ்டு அபேட்சகர் அனந்த நம்பியாரிடம் தோற்றார். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. அவ்வருஷம் முதன்மந்திரியான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தமது முதல் விரோதிகள் என்று பகிரங்கமாகச் சொன்னவர். அதே ராஜாஜியின் சர்க்கார் அதே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு அதனால் உறுதியாயிற்று. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாதென்றும் ஆயிற்று. 1956ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நன்செய்க் குத்தகைதாரரின் பங்கை ஐந்தில் மூன்றாக உயர்த்தியது. விரோதி என்று அறிவிக்கப்பட்டவர்கள் கேட்டதை விரோதியாயிருந்தவரே சட்டமாக்கும்படி செய்தது எது? ஊருக்கு ஊர் நின்ற சங்கமும், அதன் கையில் புதிதாகச் சேர்ந்த ஓட்டும்.

இச்சங்கங்கள் இலகுவாக நிலைக்கவில்லை. அதற்கு ஜனங்கள் கொடுத்த விலை கொடியது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலித் தகராறு ஒருபுறமிருக்க, தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே நிலச்சுவான்தார்களின் பிடிவாதமாயிருந்தது. கொஞ்சம் நெல்லைக் கூடக் கொடுக்க அவர்கள் இசைந்திருக்கக் கூடும். சங்கத்தைச் சகிக்க இசையவில்லை. சங்கத்தின் பலத்தை அதன் விரோதிகள் எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கணபதியா பிள்ளை கமிஷனும், 1969ஆம் வருஷத்து நியாயக் கூலிச் சட்டமும், குடியிருக்கும் மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கிய 1971ஆம் வருஷத்துச் சட்டமும் அந்தச் சாம்பலிலிருந்து பிறந்தவை.

செங்கொடிச் சங்கம் மட்டுமே ஊரை விழிக்கச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. திராவிட இயக்கத்தார் ஊருக்கு ஊர் படிப்பகங்களும் மன்றங்களும் வைத்தார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். தேநீர்க் கடை பெஞ்சு பாடசாலையாயிற்று. திருவாரூரில் மாணவர் மன்றம் நடத்திக் கையெழுத்துப் பத்திரிகை வெளியிட்ட வாலிபர் மு. கருணாநிதி, 1962ஆம் வருஷம் தஞ்சைத் தொகுதியில் காங்கிரஸ் பிரமுகர் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்தார். 1967ஆம் வருஷத்து மாறுதலை மேடைப் பிரசங்கங்களின் வெற்றி என்று மட்டும் எண்ணுவோர் அந்தப் பெஞ்சுகளை மறந்துவிடுகிறார்கள்.

நிற்க. இன்று நிலைமை என்ன? கட்சிகளுக்குக் கிளைகள் இல்லாமலில்லை. முன்னைவிட அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றின் தொழில் மாறிவிட்டது. ஊர்க் கிளை என்பது வாக்குச்சாவடிக் கமிட்டியாகச் சுருங்கிவிட்டது. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த ஜாதி, எந்தக் கைப்பேசி எண் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எந்த மடை உடைந்திருக்கிறது, எந்த வடிகாலை வெங்காயத் தாமரை அடைத்திருக்கிறது என்பது தெரியாது. மேலிடத்து உத்தரவு கீழே வருவதற்கு அது குழாயாக இருக்கிறது. கீழேயுள்ள குறை மேலே போவதற்கு ஒரு துவாரமும் இல்லை. பழைய படிப்பகங்கள் பல இன்று பெயர்ப் பலகையாகவும் கொடிக் கம்பமாகவும் மட்டுமே நிற்கின்றன. பணம் பாய்வதற்கும் அதே குழாய் மிக வசதியாக இருக்கிறது என்பதை 2016ஆம் வருஷம் நமக்குக் காட்டியது.

ஸ்தல ஸ்தாபனங்களின் கதை இதைவிடப் பரிதாபகரமானது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஹைக்கோர்ட்டின் தடையால் நின்றது. கிராமப் பஞ்சாயத்துகளைத் தனி அலுவலர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் நிர்வகித்தார்கள். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட ஜில்லாக்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. புதிய தேர்தல் நடைபெறாமல் மறுபடியும் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டார்கள். ஒரு சட்டசபை இப்படி வருஷக்கணக்கில் உத்தியோகஸ்தரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். பஞ்சாயத்து விஷயத்தில் கட்சிகள் கோர்ட்டுக்குப் போயின. பெரும்பாலான ஊர்கள் மௌனமாயிருந்தன. தனக்கென ஒரு சங்கம் இல்லாத ஊர், தன் பஞ்சாயத்து பறிபோவதைக்கூட உணர்வதில்லை.

இதற்கு மாறான உதாரணமும் நம் பிரதேசத்திலேயே உண்டு. 2011 ஜனவரியில் காவிரிப் படுகையில் மீத்தேன் வாயு எடுக்க ஒரு கம்பெனியுடன் மாகாண சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் விபரீதத்தை இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று விளக்கினார்; அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில் காலமானார். ஊர்க் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. 2015ஆம் வருஷம் அத்திட்டம் தடைசெய்யப்பட்டது. 2017ஆம் வருஷம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது கிராமமே திரண்டது. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்கவேண்டியதில்லை என்று விதியைத் திருத்தியது. கருத்துக் கேட்கும் கதவு சாத்தப்பட்டபோது, கிராமங்கள் தங்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. அடுத்த மாதமே, பிப்ரவரி 20ஆம் தேதி, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. 2023 ஏப்ரலில் வடசேரி முதலிய நிலக்கரிப் பகுதிகள் ஏலத்திலிருந்து சில தினங்களுக்குள் நீக்கப்பட்டதும் இந்த விழிப்பின் பலனே. தீர்மானக் காகிதத்துக்குத் தனியே சக்தி இல்லை. அதற்குப் பின்னால் ஊர் நிற்கிறது என்று சர்க்காருக்குத் தெரியும்போது சக்தி வருகிறது.

ஆகவே ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, தேர்தலுக்கு முந்தியும் பிந்தியும் உயிரோடிருக்கும் சங்கங்கள் வேண்டும். அவை செய்யவேண்டிய காரியங்கள் பெரியவை அல்ல. தென்பரையில் மரக்காலைப் பற்றிக் கேட்டதுபோல் சிறியவை, நிச்சயமானவை.

முதற் காரியம் ஓட்டர் பட்டியல். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்த வேலை தொடங்கி, டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் கூறப்பட்டன. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கடல் கடந்தும் வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் ஜனங்கள் நிறைந்த பிரதேசம் இது. எவர் நிரந்தரமாகப் போனார், எவர் திரும்பி வருவார் என்பதைத் தெருவில் வசிப்பவனைவிட அறிந்தவன் யார்? சேர்க்க ஆறாம் படிவம், ஆட்சேபிக்க ஏழாம் படிவம், திருத்த எட்டாம் படிவம். இம்மூன்றையும் நிரப்பத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் போதும்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022ஆம் வருஷம் முதல் சேர்க்கப்பட்டுள்ளன. ஜனத்தொகைக்குத் தக்கபடி 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதிவிடும் வழக்கத்தைச் சங்கம் ஒன்றே நிறுத்தமுடியும். முதல் நாள் இரவே உட்கார்ந்து எதைக் கேட்பது, யார் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டு போகிறவர்களை எந்த அலுவலரும் அலட்சியம் செய்யத் துணியமாட்டார். நகரங்களிலும் 2022ஆம் வருஷத்து விதிகளின்படி வார்டுக் கமிட்டிகளும் பகுதி சபைகளும் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளின் வார்டுவாசிகளில் எத்தனை பேர் தங்கள் பகுதி சபைக்குப் போயிருக்கிறார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, தண்ணீர். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் தூர் வாரும் வேலை முடிந்ததா என்பதைச் சென்னையிலிருந்து வரும் அறிக்கை சொல்லாது. கடைமடையில் நிற்பவன் சொல்லுவான். 2018 பிப்ரவரி 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அத்தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றின் கடைசிக் கிளை வாய்க்கால் வரையில் போய்ச் சேருவதற்குத் தீர்ப்பு போதாது, ஊர் வேண்டும். இன்ன வாய்க்கால், இவ்வளவு நீளம், இவ்வளவு ரூபாய், இன்ன கான்டிராக்டர் என்று பலகையில் எழுதியிருப்பதை ஊரார் நடந்து அளந்து பார்க்கட்டும்.

நான்காவது, நெல் கொள்முதல். 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் நெல்லை எடுப்பதில்லை என்பது விதி. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவியல் குவியலாக மழையில் நனைந்ததை நாடு கண்டது. 40 கிலோச் சிப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கைநீட்டுவதாகவும், எடை கூடுதலாகப் பிடிப்பதாகவும் விவசாயிகள் முறையிடுவது நெடுநாளைய வழக்கு. தனியாகப் போகிறவன் கொடுத்துவிட்டு வருகிறான், ஏனெனில் மேகம் கறுத்திருக்கிறது; அவன் காத்திருக்க முடியாது. பத்துப் பேர் கொண்ட சங்கக் கமிட்டி தராசுக்குப் பக்கத்தில் நின்றால் யார் கை நீளும்? அன்று மரக்கால், இன்று தராசு, கேள்வி ஒன்றேதான்.

ஐந்தாவது, கணக்கு. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். குடவோலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் விதித்திருப்பதை மறந்துவிடுகிறோம். அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் நிலமுடையவனுக்கே தகுதி என்றும் சொல்கிறது. நிலமற்றவனுக்கு அங்கே இடமில்லை. முதல் விதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் விதியைத் தள்ளுவோம். பஞ்சாயத்தின் வரவு செலவைச் சேரியில் நின்று உரக்க வாசிப்பதே நம் காலத்து உத்தரமேரூர்.

இந்த ஐந்தையும் வருஷம் முழுவதும் செய்யும் சங்கம், தேர்தல் காலத்தில் வேறெதுவும் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. எல்லா அபேட்சகர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இன்ன மடைக்கு என்ன பதில் என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு நோட்டை நீட்டுவது எவருக்கும் கடினமாயிருக்கும். பணம் வாங்காதே என்று ஓட்டருக்கு உபதேசம் செய்வதைவிட, பணத்தைவிடப் பெரிய ஒன்று அவன் கையில் இருக்கும்படி செய்வதே காரியசித்திக்கு வழி.

சில எச்சரிக்கைகளும் அவசியம். ஊர்ச் சங்கம் என்ற பெயரில் ஜாதிப் பஞ்சாயத்து திரும்பி வந்துவிடக்கூடாது. 2019ஆம் வருஷத்துத் தேர்தலில் சில இடங்களில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விடத் துணிந்தார்கள். மாநிலத் தேர்தல் கமிஷன் எச்சரிக்க நேர்ந்தது. பணக்காரன் ஓட்டை ஒன்றொன்றாக வாங்குவது ஒரு குற்றம். ஊரே கூடி ஓட்டுகளை மொத்தமாக விற்பது அதைவிடப் பெருங்குற்றம். அக்ரகாரமும் குடியானத் தெருவும் சேரியும் ஒரே பாயில் உட்காராத சங்கம் சங்கமன்று. ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடங்கள் பெண்களுக்குரியவை என்று சட்டம் சொல்லுகிறது. தலைவியின் நாற்காலியில் கணவன் உட்காருவதை ஊர்ச் சங்கம் அனுமதிக்கலாகாது. கான்டிராக்டரின் நன்கொடையை ஏற்கும் சங்கம் அவருடைய வாய்க்காலை அளக்காது. மாதம் பத்து ரூபாய்ச் சந்தாவில் நடப்பதே நிலைக்கும்.

கட்சிக்காரர்கள் இதில் சேரலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சேரலாம், எல்லாக் கட்சியினரும் சேரவேண்டும். கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமின்றியே தேர்தல் நடக்கவேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. ஊர்க் காரியத்தில் கட்சி இரண்டாம் பட்சம் என்பதே அதன் பொருள். தென்பரையின் கொடி சிவப்பு. வேதாரணியத்தின் கொடி மூவர்ணம். படிப்பகத்தின் கொடி கறுப்பும் சிவப்பும். மூன்றும் சேரியிலும் தெருவிலும் வேர் விட்டிருந்தவரையில் தழைத்தன. வேரறுந்த பின் கம்பத்தில் துணி மட்டும் பறக்கிறது.

அடுத்த தேர்தல் எப்போது என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபை எப்போது என்று கேளுங்கள். அதற்கு முதல் நாள் இரவு, கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ பத்துப் பேர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு கூடட்டும். அந்தப் பத்துப் பேரில் சேரியிலிருந்து நால்வரும் பெண்கள் ஐவரும் இருக்கட்டும். தஞ்சைத் தரணியின் ஓட்டு இனி விலைபோகாது என்பதற்கு அந்தப் புத்தகமே ஜாமீன்.